வாசகர் கேள்வி – பதில்: டம்ளருக்குள் ஒரு உப்பளம்

போன மாதம் முலாம் பூசுவதைப் பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதிவிட்டு, கடைசியில் சும்மா இருக்காமல், ‘பிஸ்மத், ஆண்டிமனி மாதிரி அரை உலோகங்களையும் கலந்தே இப்படிப் படிய வைக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன, பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். மற்ற கேள்விகள் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடம். என்ன புராஜெக்ட் என்று கேட்டால், கண்ணாடி டம்ளரில் ஏதோ தண்ணியை ஊற்றி, அதில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டு கரண்டு கொடுக்கிறேன் என்கிறாள். முலாம் கடையில் பத்தாவது படித்த பையன் இதைத்தானே செய்கிறான்? இதுக்கா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தேன்?
— படகு இன்ஜின் மெக்கானிக், பாம்பன்

பதில்: அண்ணே, பாதி சரி. டம்ளரும் தகடும் கரண்டும் அதேதான். உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். படகின் அடியில் புரொப்பல்லர் பக்கம் ஜிங்க் கட்டை வைத்து முடுக்குகிறீர்களே, அது எதற்கு? கடல் தண்ணீரில் அந்த ஜிங்க் தன் எலக்ட்ரானை இரும்புக்குத் தந்துவிட்டு தான் கரைந்துபோகிறது, இரும்பு தப்பிக்கிறது. திட உலோகம் தண்ணீருக்குள் அயனியாக இறங்குகிற வேலை அது. உங்கள் மகள் செய்வது இதன் தலைகீழ். தண்ணீருக்குள் அயனியாகத் திரிகிற உலோகத்துக்கு வெளியிலிருந்து எலக்ட்ரான் கொடுத்து, அதைத் தகட்டின் மேல் திடப்பொருளாக உட்கார வைக்கிறாள். இதற்கு மின்படிவு என்று பெயர்.

முலாம் கடைக்காரருக்கு வேண்டியது பளபளப்பும் துருப்பிடிக்காமையும். உள்ளே அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று எந்த வாடிக்கையாளரும் அவரிடம் கேட்பதில்லை. உங்கள் மகளின் ஆசிரியர் கேட்பது அதை மட்டும்தான். கணக்கு ஒன்று சொல்கிறேன், அவளிடம் கேட்டுச் சரிபாருங்கள்: ஒரு சதுர செ.மீ. தகட்டில் 1 மில்லிஆம்பியர் கரண்டை 23 நிமிடம் விட்டால், முழுக் கரண்டும் பிஸ்மத்துக்கே போனால், 1 மைக்ரான் தடிமனுக்குப் படலம் வரும். அதற்குள் அணு அடுக்குகள் சுமார் 2,500. அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு அடுக்கு. அந்த வேகத்தில் ஒவ்வொரு அடுக்கும் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்ததா, இல்லை மூட்டை இறக்கியது போல் கொட்டிக் கிடக்கிறதா என்பதுதான் அவளுடைய புராஜெக்ட். செலவழித்த காசு வீண் இல்லை அண்ணே.

கேள்வி: பிஸ்மத் நைட்ரேட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்தேன், தெளிவாக இருந்தது. பீக்கரைக் கழுவிவிட்டு மறுபடி ஊற்றினால் மோர் மாதிரி வெள்ளையாகத் திரிகிறது. மூன்று முறை இதே கதை. கெமிக்கல் பழையதா?
— எம்.எஸ்ஸி. மாணவி, ராமநாதபுரம்

பதில்: தங்கச்சி, கெமிக்கலைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், பீக்கரை எந்தத் தண்ணீரில் கழுவினாய்? உன் கடிதத்தில் ‘குழாய்த் தண்ணீர்’ என்று ஒரு மூலையில் எழுதியிருக்கிறாய். அங்கேதான் மாட்டிக்கொண்டாய். நம் பக்கத்துத் தண்ணீர் எப்படி என்று தேநீர் குடித்தாலே தெரியும். அதில் உள்ள உப்பு குளோரைடு. பிஸ்மத் அயனி குளோரைடையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிஸ்மத் ஆக்சிகுளோரைடாக மாறி வெள்ளையாக இறங்கிவிடும். அமிலம் குறைவாக இருக்கும் கரைசலில் கொஞ்சம் குளோரைடே போதும், கலங்கிவிடும்.

கடைசியாகக் கழுவும் தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார். தயிர் மாதிரி வெள்ளை வந்தால் குளோரைடு இருக்கிறது. வாலை வடித்த நீரால் மூன்று தரம் அலசு. இன்னொன்று, குளோரைடே இல்லாவிட்டாலும் அமிலத்தைக் குறைத்து வெறும் தண்ணீரைக் கூட்டினால் பிஸ்மத் கலங்கத்தான் செய்யும். ஆண்டிமனி அதைவிட மோசம். அதனால் எப்போதும் அமிலத்தில் முதலில் கரைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது.

நீ கொட்டிவிட்ட அந்த வெள்ளைப் பொடிக்குத் தனி மார்க்கெட்டே இருக்கிறது, தெரியுமா? நகப்பூச்சிலும் லிப்ஸ்டிக்கிலும் முத்துப் போல மினுக்குவது பல சமயம் இதே பிஸ்மத் ஆக்சிகுளோரைடுதான். அதற்கு முந்தைய காலத்தில் அந்த மினுக்கத்துக்கு மீன் செதிலைச் சுரண்டினார்கள், செதிலில் இருக்கும் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் செய்கிற வேலை அது. முத்துக் குளித்த மன்னார் வளைகுடாவின் கரையில் உட்கார்ந்துகொண்டு மூன்று பீக்கர் செயற்கை முத்தொளியைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாய்.

கேள்வி: ஆண்டிமனி என்றால் எங்கள் உம்மா கண்ணுக்கு இடும் சுருமாவா?
— வாசகி, கீழக்கரை

பதில்: பழைய சுருமாவும் தமிழில் அஞ்சனக்கல் என்கிறோமே அதுவும் ஆண்டிமனி சல்ஃபைடு தாது. ஆனால் கடையில் சுருமா என்று விற்பதில் பலவும் ஈய சல்ஃபைடு, இரண்டும் பார்க்கக் கறுப்புப் பளபளப்பு. ஈயம் குழந்தைகளின் மூளைக்கு ஆகாது. உம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாமல் பக்குவமாகச் சொல்லுங்கள், பேரப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம் என்று.

கேள்வி: ஒரே கரைசலில் இரண்டு உலோகத்தையும் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து படியாதா? ஒன்று முந்திக்கொள்கிறது என்கிறார் எங்கள் சார். எப்படி முந்தும்? எப்படித் தடுப்பது?
— ஆராய்ச்சி மாணவர், தேவிபட்டினம்

பதில்: வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பும் ஒரே நேரத்தில் படிவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற, உப்புக்கு முன்னாலேயே ஜிப்சம் இறங்கிவிடும். உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் பாமே அளவில் 25 டிகிரி வந்தால்தான் நாம் தின்கிற உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 என்று ஏறிவிட்டால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் மக்னீசியம் உப்பும் சேர்ந்து படிந்து கசக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிகிரி.

மின்படிவிலும் அப்படித்தான், டிகிரிக்குப் பதில் வோல்ட். அயனி உலோகமாகப் படியத் தொடங்கும் இடத்தைக் காட்டுவது திட்ட மின்னழுத்தம்; அமிலக் கரைசலில் பிஸ்மத்துக்கு அது சுமார் +0.32 வோல்ட், ஆண்டிமனிக்குச் சுமார் +0.21. தகட்டின் மின்னழுத்தத்தை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தால் பிஸ்மத் முதலில் பூக்கும், ஆண்டிமனி பின்னால் வரும். இடைவெளி 0.1 வோல்ட்தானே, பிஸ்மத்தைக் குறைத்து ஆண்டிமனியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் முதலில் நினைப்போம், நானும் நினைத்தேன். கணக்குப் போட்டால் தெரியும்: மூன்று எலக்ட்ரான் வாங்கும் அயனிக்கு, செறிவைப் பத்து மடங்கு குறைத்தாலும் மின்னழுத்தம் சுமார் 0.02 வோல்ட்தான் இறங்கும். 0.1 வோல்ட்டை இப்படி அடைக்க லட்சம் மடங்கு வித்தியாசம் வேண்டும். அவ்வளவு குறைத்தால் கரைசலில் பிஸ்மத் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

அதனால் இரண்டு வழி. முதல் வழி, முந்துகிறவனைக் கட்டிப் போடுவது. டார்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம், குளோரைடு இதெல்லாம் உலோக அயனியைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும், பிடித்த பிடியிலிருந்து அதைப் பிரித்துப் படிய வைக்க இன்னும் கீழே இறங்க வேண்டும். பிஸ்மத்தை நாலு குளோரைடு சூழ்ந்துகொண்டால் 0.32 என்பது 0.16 வோல்ட்டுக்கு வந்துவிடும். ஆமாம், முந்தின பதிலில் நான் திட்டிய அதே குளோரைடுதான். அமிலம் குறைந்த கரைசலில் வில்லன், நல்ல கெட்டியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோழன். டார்டாரிக் அமிலம் ஆண்டிமனியைக் கலங்காமல் கரைசலில் நிறுத்தி வைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும். நம் புளியில் இருக்கிற அமிலம்தான், ஆனால் புளியைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், கேட்டாலும் கேட்பீர்கள்.

இரண்டாவது வழி, இரண்டுக்கும் போதுமான அளவு கீழே ஒரேயடியாக இறங்கிவிடுவது. அங்கே எது விரும்புகிறது என்ற கேள்வியே இல்லை, தகட்டை எது வந்து தொட்டாலும் அது படியும். எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு, அது கரைசலில் எவ்வளவு போட்டோம் என்பதைப் பொறுத்தது. அதனால் படலத்தில் பிஸ்மத்–ஆண்டிமனி விகிதம் ஏறக்குறைய கரைசலின் விகிதத்தையே பின்பற்றும். சுலபமாகத் தெரிகிறது இல்லையா? இதற்கு விலை என்ன என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. நான் சொன்ன வோல்ட் எல்லாம் ஹைட்ரஜன் மின்வாயைப் பூஜ்யமாக வைத்து அளந்து சொன்னது. உங்கள் ஆய்வகத்தில் இருப்பது சில்வர்–சில்வர் குளோரைடு மின்வாயாக இருக்கும், அதற்குச் சுமார் 0.2 கழிக்க வேண்டும். ஆண்டிமனி அப்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த 0.2 வோல்ட்டை மறந்துவிட்டு இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: என் படலம் கறுப்பாக, கரி மாதிரி வருகிறது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அதிகக் கரண்டு வைத்தால் சீக்கிரம் முடியும் என்று வைத்தேன்.
— மாணவர், மண்டபம்

பதில்: கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். தகட்டை ஒட்டியிருக்கும் தண்ணீரில் இருக்கிற அயனி எல்லாம் தீர்ந்துபோய், தூரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் நீங்கள் எலக்ட்ரானைக் கொட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அப்போது தகட்டில் தற்செயலாகக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும் மேட்டுக்குத்தான் முதலில் புது அயனி கிடைக்கும், அது இன்னும் நீளும், நீண்டதால் இன்னும் கிடைக்கும். தண்ணீரைக் கண்ட பக்கமெல்லாம் கிளை விடுகிற வேலிக்கருவை மாதிரி வளர்ந்துகொண்டே போகும். கிளைகளுக்கு நடுவில் ஒளி மாட்டிக்கொள்வதால் கறுப்பு. அடியில் பிடிப்பு இல்லாததால் உதிரும். கூடவே ஹைட்ரஜன் குமிழியும் கிளம்பிப் படலத்தைத் தூக்கிவிடும்.

கரண்டைக் குறையுங்கள், கரைசலை மெதுவாகக் கலக்குங்கள், எப்போதும் ஒரே வேகத்தில். அதே சமயம் ரொம்பவும் குறைத்தால் தகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பெரிய மணி (படிகத் துணுக்கு) முளைத்து நடுவில் தகடு தெரியும். மின்னழுத்தத்தை இன்னும் கீழே இறக்கினால் முளைகள் அதிகம், மணிகள் சிறிது. அவ்வளவு இறக்காவிட்டால் முளைகள் கம்மி, மணிகள் பெரிது. உப்பளத்தில் பாத்தியைக் கலைக்காமல் விட்டால் கல்லுப்பு பெரிதாக விளையும், அவசர வெயிலில் பொடியாக வரும், கிட்டத்தட்ட அந்தக் கதை. சிலர் கரண்டைத் துடிப்பு துடிப்பாகக் கொடுப்பார்கள், கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் நிறுத்தி. நிறுத்துகிற நேரத்தில் தூரத்து அயனிகள் வந்து சேர்ந்துகொள்ளும். கருவி இருந்தால் செய்து பாருங்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் எடுபிடியாக இருந்தபோது, ஆண்டிமனி படிய வைத்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டேன், திரும்பி வருவதற்குள் கரைசலைக் கலக்கும் கருவி நின்றுபோய், படலம் கறுத்து பீக்கரின் அடியில் கிடந்தது. அங்கிருந்த மூத்தவர் ஒருவர் திட்டவில்லை, ‘நல்லவேளை, வெடி ஆண்டிமனி வரவில்லை’ என்று மட்டும் சொன்னார். கேலி என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி ஒன்று இருக்கிறது. 1850களில் ஜார்ஜ் கோர் என்ற ஆங்கிலேயர் ஆண்டிமனி குளோரைடு கரைசலிலிருந்து படிய வைத்த படலத்தைக் கீறியபோது அது சூடேறி, வெள்ளைப் புகை விட்டு வெடித்தது. காரணம், அதில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படவில்லை, குளோரைடையும் உள்ளே அடைத்துக்கொண்டு கண்ணாடி போலத் தாறுமாறாக உறைந்திருந்தன. ஒரு கீறல் கிடைத்ததும் எல்லாம் சட்டென்று தங்கள் படிக இடத்துக்குப் பாய, மிச்சச் சக்தி வெப்பமாக வெளியே வந்தது. ஒழுங்கான அடுக்குக்கும் ஒழுங்கில்லாத அடுக்குக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் சொல்கிற முதல் உதாரணம் இதுதான்.

அப்புறம், ஆண்டிமனியைக் கையாளும்போது ஃபியூம் ஹுட்டுக்கு (புகையை வெளியே இழுக்கும் கூண்டு) வெளியே வேலை செய்யாதீர்கள். ஹைட்ரஜன் கிளம்புகிற அளவுக்கு இறங்கினால் ஆண்டிமனியோடு சேர்ந்து ஸ்டிபீன் என்ற விஷ வாயு வரலாம்.

கேள்வி: பிஸ்மத்தும் ஆண்டிமனியும் எந்த விகிதத்திலும் கலக்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் படலத்தில் உண்மையில் கலந்ததா, தனித்தனியாகக் கிடக்கிறதா என்று எப்படித் தெரியும்? அரை உலோகம் என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை.
— பள்ளி ஆசிரியை, தொண்டி

பதில்: டீச்சர், இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், பின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். நம் பாடப்புத்தகத்தில் வரும் உலோகப்போலி வேறு, இது வேறு. செம்பில் ஒவ்வொரு அணுவும் ஏறக்குறைய ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் விடும். பிஸ்மத்தில் நல்ல குளிரில் லட்சம் அணுவுக்கு ஒன்றுதான் ஓடியாடித் திரியும். எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய சக்தி நிலைகளின் தொகுப்பைப் பட்டை என்பார்கள்; எலக்ட்ரான்கள் நிரம்பிய பட்டையும் காலியான பட்டையும் மயிரிழை அளவுக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பதால் அந்தக் கொஞ்சமாவது கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிஸ்மத்தும் மின்சாரம் கடத்தும், ஆண்டிமனியும் கடத்தும், ஆனால் பிஸ்மத்தில் சுமார் 7 முதல் 22 சதவீதம் ஆண்டிமனி கலந்தால் அந்த ஏறி நிற்பது விலகி, கலவை குறைக்கடத்தியாகிவிடும். அதிலும் சுமார் 10 சதவீதத்தில் உள்ளே கடத்தாமல் மேற்பரப்பு மட்டும் கடத்துகிற விநோதம் இருக்க வேண்டும் என்று 2007ல் கணித்தார்கள், 2008ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு படிகத்தில் அதைக் கண்டும் காட்டியது. அதனால் விகிதம் துல்லியமாக வருவது விளையாட்டு இல்லை.

இப்போது படிகம். பிஸ்மத், ஆண்டிமனி இரண்டுக்கும் அமைப்பு ஒன்றேதான். ஒரு கனசதுரத்தை எதிரெதிர் மூலையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தது போன்ற சாய்சதுர அமைப்பு. இழுத்ததால் ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஆறு பேரில் மூன்று பேர் நெருக்கம், மூன்று பேர் சற்றுத் தள்ளி. பிஸ்மத்தில் நெருங்கியவர்கள் 3.07 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தூரத்தில், தள்ளியவர்கள் 3.53ல். நெருங்கிய மூவரோடு சேர்ந்து பின்னிய அடுக்கு ஒரு பனையோலைப் பாய் மாதிரி, மேடும் பள்ளமுமாக. பாய்க்குள் பின்னல் இறுக்கம், ஒரு பாய்க்கும் அதன் மேல் போட்ட பாய்க்கும் நடுவில் பிடிப்பு குறைவு. பிஸ்மத்தைச் சுத்தியலால் தட்டினால் இரும்பு போல நசுங்காமல் தகடு தகடாகப் பிளப்பது இதனால்தான்.

இரண்டும் ஒரே நெசவு, இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம், பாயில் ஓர் ஓலைக்குப் பதில் இன்னோர் ஓலையைச் செருகினாலும் நெசவு கலையாது. ஆனால் ஆண்டிமனி சற்றே சிறியது. பாயின் பக்க அளவு பிஸ்மத்தில் 4.55 ஆங்ஸ்ட்ராம், ஆண்டிமனியில் 4.31. கலக்கக் கலக்க முழு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கலந்ததா என்று கண்டுபிடிக்க இந்தச் சுருக்கம்தான் சாட்சி.

எக்ஸ்ரேயைப் படலத்தின் மேல் சாய்த்து அடித்தால், அடுக்குகளின் இடைவெளிக்கு ஏற்ற கோணத்தில் மட்டும் பளிச்சென்று திரும்பும், வரைபடத்தில் அந்தக் கோணத்தில் ஒரு முகடு எழும். தந்தையும் மகனுமாக பிராக் இருவரும் இதைக் கண்டுபிடித்து 1915ல் நோபல் பரிசு வாங்கினார்கள். செம்பு இலக்கு வைத்த எக்ஸ்ரே கருவியில் சுத்த பிஸ்மத்தின் முக்கிய முகடு 27.2 டிகிரியில் நிற்கும், ஆண்டிமனியின் முகடு 28.7ல். உங்கள் படலத்தில் இரண்டு இடத்திலும் தனித்தனி முகடு தெரிந்தால் இரண்டு உலோகமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன, கலக்கவில்லை. நடுவில் ஒரே முகடு வந்தால் கலந்துவிட்டன, அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதே விகிதத்தைச் சொல்லிவிடும். முகடு அகலமாக வந்தால் மணிகள் பொடி, ஒல்லியாக வந்தால் மணிகள் பெரிது. அகலமாகவும் சாய்ந்தும் வந்தால்? படிந்துகொண்டே இருக்கும்போது விகிதம் மாறிக்கொண்டே போயிருக்கலாம், அடியில் பிஸ்மத் அதிகம், மேலே ஆண்டிமனி அதிகம் என்று.

நடைமுறையில் மூன்று இடத்தில் ஏமாறுவார்கள். 12 சதவீதம் ஆண்டிமனிக்கு முகடு நகர்வது 0.2 டிகிரி கூட இல்லை, தகட்டை அதன் இருப்பில் கொஞ்சம் உயரமாக வைத்தாலே அவ்வளவு நகரும். அதனால் அடித்தகட்டின் முகட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும், செம்புத் தகடானால் அதன் முகடு 43.3ல் நிற்கும். இரண்டாவது, தங்கம் பூசிய கண்ணாடியில் படிய வைத்தால் தங்கத்தின் 38.2 டிகிரி முகடும் பிஸ்மத்தின் 37.9 டிகிரி முகடும் ஒன்றன் மேல் ஒன்று விழும். ‘என் பிஸ்மத் பிரமாதம்’ என்று தங்கத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது, எந்த முகடு உயரம் என்பது. பொடியில் 27.2 உயரமாக இருக்கும், ஆனால் படலத்தில் மணிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்தால் வேறொரு முகடு உயர்ந்து நிற்கும். பாய்கள் தகட்டோடு படுத்திருந்தால் பிஸ்மத்துக்கு 22.5 டிகிரி முகடு எழும். அது தப்பு இல்லை, மணிகள் எந்தப் பக்கம் பார்த்துப் படிந்தன என்ற தகவல்.

கேள்வி: மின்வேதியியலுக்கென்று பெரிய ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இல்லாமல் காரைக்குடியில் எப்படி வந்தது?
— வாசகர், திருப்புல்லாணி

பதில்: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நம் மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து எவ்வளவு துரு ஏறுகிறது என்று அளந்ததும் அந்த நிலையத்தார்தான். துருவுக்கு நாம் ஊரையே சோதனைச் சாலையாகக் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: காரில் வைக்கிற குட்டி ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் இல்லாமலே குளிர்கிறது, உள்ளே பிஸ்மத் இருக்கிறது என்று பையன் சொல்கிறான். நாட்டுப்படகில் ஐஸுக்குப் பதில் அதை வைக்கலாமா?
— மீனவர், தொண்டி

பதில்: வேண்டாம் அண்ணே. பையன் சொன்னது சரிதான், அதில் இருப்பது பிஸ்மத்–டெல்லூரியம் கலவையால் ஆன ஒரு தகடு. இரண்டு வேறு உலோகம் சேரும் இடத்தில் கரண்டு விட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். 1838லேயே லென்ஸ் என்பவர் பிஸ்மத்தும் ஆண்டிமனியும் சேர்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக் கரண்டு விட்டு உறைய வைத்துக் காட்டினார், கரண்டைத் திருப்பி விட்டதும் உருகியது. ஒரு சொட்டு, கவனியுங்கள். 100 கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் சூட்டை அந்தத் தகடு இழுக்க வேண்டும் என்றால், நொடிக்கு 30 ஜூல் வீதம் இறைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட 13 நாள் ஆகும். பேட்டரியை இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. ராத்திரி போய் விடியக்காலம் கரை திரும்பும் படகுக்கு ஐஸ்தான் சரி. மருந்து, ஊசி வைக்கிற சின்னப் பெட்டிக்கு அந்தத் தகடு நல்லது. பிஸ்மத்–ஆண்டிமனி கலவை இதே வேலையை மிகத் திறமையாகச் செய்வது மைனஸ் 190 டிகிரிப் பக்கம், மீனை அவ்வளவு குளிர வைத்தால் அரிவாளுக்குப் பதில் சுத்தியல் வேண்டும்.

கேள்வி: படலம் ஒருவழியாகச் சாம்பல் நிறத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, ஆனால் மணிகள் ரொம்பச் சிறியது என்று எக்ஸ்ரே சொல்கிறது. சூடுபடுத்தினால் பெரிதாகுமா?
— இரண்டாவது கடிதம் போட்ட அதே எம்.எஸ்ஸி. மாணவி, ராமநாதபுரம்

பதில்: ஆகும் தங்கச்சி, அதுவும் நீ நினைப்பதைவிட அதிகமாக. 1999ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு உன்னைப் போலவே கரைசலிலிருந்து பிஸ்மத் படலம் எடுத்தது, 1 முதல் 20 மைக்ரான் தடிமன். படிந்தபோது அது சாதாரணப் பொடி மணிதான். பிஸ்மத்தின் உருகுநிலை 271 டிகிரி செல்சியஸ், அதைத் தொட்டும் தொடாமலும் ஒரு சூட்டில் வைத்து எடுத்தார்கள், பொடி மணிகள் எல்லாம் கரைந்து ஒன்றாகி முழுப் படலமும் ஒற்றைப் படிகமாகிவிட்டது. காந்தப் புலத்தில் வைத்தால் அதன் மின்தடை அறை வெப்பத்தில் 250 சதவீதமும், 5 கெல்வின் (சுமார் மைனஸ் 268 டிகிரி) குளிரில் 3,80,000 சதவீதமும் ஏறியது. கோடிக்கணக்கில் விலை போகிற வெற்றிடக் கருவிகளில் வளர்த்த படலத்தோடு தோள் தட்டி நிற்கிற தரம், பீக்கரில் எடுத்தது.

உன் கலவையில் ஆண்டிமனி இருப்பதால் உருகத் தொடங்கும் சூடு கொஞ்சம் மேலே போகும், இருந்தாலும் 250க்கு மேல் அவசரப்படாதே. ஆக்சிஜன் இல்லாமல், ஆர்கான் விட்டுக்கொண்டு செய். சூடுபடுத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே எடுத்து வை. அடுப்பின் டயலை நம்பாதே, தகட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) வைத்து அளந்துகொள். டயல் 260 காட்டும்போது உள்ளே 280 இருந்தால், அழகாக ஒட்டியிருந்த படலம் வாழையிலை மேல் தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு மணிகளாகக் கிடக்கும், மறுபடி முதல் பீக்கரிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்தத் தடவை வாலை வடித்த நீரில் கழுவிவிட்டு.